பொட்டு வைத்த ஹாட் டிஸ்க்

தம்பிமாரே, தங்கச்சிமாரே,

போன கிழமை, இப்போது கம்பியூட்டர் திருத்துகிற உங்களில் ஒருவர் எனக்குப் போன் எடுத்தார். "அண்ணே, பழைய ஹாட் டிஸ்க் ஒண்ணு வந்திருக்கு. அகலப் பட்டி வயர் போடுற காலத்து சாமான். புது லெப்டொப்புல போடுறதுக்கு அடெப்டர் வாங்கிட்டேன். வேற என்னா தெரிஞ்சிருக்கணும்?" என்று கேட்டார். "பின் வளையாமப் பாத்துக்க தம்பி" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. தெரிந்திருக்க வேண்டியது இன்னும் நிறைய உண்டு. வாயால் சொல்ல வராததை எழுதியாவது பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அடெப்டரை எப்படி மாட்டுவது என்று நான் எழுதப்போவதில்லை. அகல வாய் டிஸ்க்குக்கு, சின்ன வாய் யூ.எஸ்.பி.க்கு, கரண்டுக்குத் தனிப் பெட்டி. அதை நீங்கள் என்னைவிட நன்றாகச் செய்வீர்கள். மாட்டிய பிறகு கை எங்கே நிற்க வேண்டும், எங்கே நகர வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த தொழில். அதையும் நான் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

என் படிப்பு ஓ.எல். பரீட்சை வரைக்கும்தான். பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடிப்படி ஏறிப் போகும் ஓர் அறையில் இருபத்தாறு வருசம் கம்பியூட்டர் திருத்தினேன். முருகன் படி அளந்தான், குடும்பம் பிழைத்தது. கடை இப்போது இல்லை. ஆனாலும் காலையில் குளித்து விபூதி பூசியவுடன், கை சட்டைப் பையில் ஸ்குரூ டிரைவரைத் தேடுகிறது.

அந்தக் காலத்தில் தோட்டங்களிலிருந்து கம்பியூட்டர் தனியாகப் பிரயாணம் செய்து வரும். மடுல்சீமையில் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். சீட்டுக்குப் பக்கத்தில் கம்பளி சுற்றி, கயிறு போட்டு, பிள்ளையை உட்காரவைத்த மாதிரி வைத்திருப்பார்கள். கண்டக்டர் தம்பி கீழே நின்று என்னைக் கூப்பிடுவார். "அண்ணே, ஒங்க நோயாளி வந்திருக்காரு. வழியெல்லாம் வளைவு, பாவம், வாந்திதான் எடுக்கல!" கம்பளியைப் பிரித்தால் பெட்டிக்குள்ளிருந்து அடுப்புப் புகை வாசமும் தேயிலைத் தூள் வாசமும் வரும். பெட்டியை முகர்ந்தே ஃபக்டரிப் பக்கமா, தொழிலாளர் லயத்துப் பக்கமா என்று சொல்லிவிடுவேன். உங்களிடம் வரும் லெப்டொப்புக்கு வாசமே இல்லை. அதைக் குறை என்று சொல்லவில்லை. எனக்கு அந்த வாசம் பிடிக்கும், அவ்வளவுதான்.

முதலில் என் தப்பைச் சொல்கிறேன்.

அடெப்டர் பதுளைக்குப் புதிதாக வந்த காலம். பசறைப் பக்கத்து டீச்சர் ஒருவர் பழைய டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. தோட்டத்துப் பிள்ளைகள் எழுதிய கதைகளை எல்லாம் தானே டைப் செய்து, பாடசாலை மலர் போடுவதற்காகப் பல வருசமாகச் சேர்த்து வைத்திருந்தார். நான் மாட்டினேன். திரையில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது. எனக்கு ஆங்கிலம் பட்டனைப் பார்த்து அழுத்துகிற அளவுக்குத்தான் தெரியும். கீழே பஸ் ஹோன் அடித்துக்கொண்டிருந்தது. டீச்சர் ஜன்னலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தெரியாது என்று அவர் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. 'யெஸ்' கொடுத்துவிட்டேன்.

டிஸ்க் திறந்தது. வெறுமையாகத் திறந்தது. பதற்றத்தில் அதன் மேலேயே இன்னும் எதையெதையோ போட்டு, மிச்சம் மீதி இருந்ததையும் அழித்தேன்.

டீச்சர் சத்தம் போடவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னார். "அண்ணன், ஒங்களுக்குப் புரியலன்னா என்னை வாசிக்கச் சொல்லியிருக்கலாமே. நான் இங்கதானே நின்னேன்."

அவ்வளவுதான். பஸ் போயிருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு அவர் என் கடையிலேயே காத்திருந்தார். அந்த முக்கால் மணித்தியாலத்தில் நான் கற்றதைப் போல எந்த வகுப்பிலும் கற்கவில்லை. அதிலிருந்து திரையில் எது வந்தாலும் வாடிக்கையாளரையே வாசிக்கச் சொல்வேன். சில பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

இனி நான் எழுத வந்த விசயம்.

கடையை மூடுவதற்கு முந்திய வருசம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. சாம்பிராணி போட்டு முடித்து ஸ்டூலில் உட்கார்ந்தபோது தாயும் மகளும் படியேறி வந்தார்கள். தாய்க்கு நாற்பத்தைந்து வயசு இருக்கும், பெயர் ராஜேஸ்வரி. மடுல்சீமையில் கொழுந்து எடுக்கிறவர். மகள் தர்ஷினி, ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தவள். தாயின் கையில் பட்டுத்துணி சுற்றிய ஒரு பொருள். கோயிலுக்குத் தட்டு கொண்டுபோகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார். என்னிடம் நீட்டவில்லை. மேசையில் இருந்த சாமானை எல்லாம் நான் ஒதுக்கிய பிறகுதான் வைத்தார்.

துணியைப் பிரித்தேன். பெரிய சைஸ் பழைய ஹாட் டிஸ்க். மேலே மூன்று பட்டை விபூதி. பின்கள் வரிசையாக இருக்கும் அந்த முனையில் சந்தனம், சந்தனத்துக்கு மேல் குங்குமம். ஒரு நாள் பொட்டு இல்லை. பல வருசத்துப் பொட்டு, ஒன்றின் மேல் ஒன்றாகக் கெட்டிப்பட்டு நின்றது. காய்ந்த செவ்வந்தி இதழ் ஒன்று அதில் ஒட்டியிருந்தது.

"இது இவ அப்பாங்க" என்றார் ராஜேஸ்வரி.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. மகள் விளங்கவைத்தாள். "அப்பா வீடியோ எடுக்கிறவரு, அங்கிள். கல்யாணம், திருவிழா எல்லாத்துக்கும் அவர்தான் போவாரு. எனக்கு ஒரு வயசு நடக்கும்போது மஞ்சக் காமாலையில செத்துட்டாரு. அவரு வச்சிருந்த கம்பியூட்டரும் கெட்டுப்போச்சு. அதுல இருந்த இதை மட்டும் கழட்டி வச்சாங்க."

"போட்டோ?"

"மூணே மூணு இருந்திச்சுங்க" என்றார் தாய். "மத்தவங்களையே புடிச்சுக்கிட்டுத் திரிஞ்ச மனுசன், அவர யாரு புடிச்சா? இவ சின்னப் புள்ளையா இருக்கையில, மண்ணு சரிஞ்சு மலை எறங்குதுன்னு எங்களக் கொண்டுபோயி ஸ்கூல்ல வச்சாங்கல்ல, அந்த மழையில கூரை ஒழுகி, பேக்கோட எல்லாம் ஊறிப்போச்சு. திரும்பி வந்து பாத்தா மூணு போட்டோவும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்திச்சு. பிரிச்சேன். மொகம் எல்லாம் மத்த பக்கத்தோட வந்திருச்சு. அவரு ஐடென்டி கார்டும் அதுக்குள்ளதான். இது மட்டும் வீட்டுலயே சாமி தட்டுல இருந்ததுனால நனையல."

படம் இல்லாத வீட்டில் படத்தின் இடத்தில் இது நின்றிருக்கிறது. வெள்ளிக்கு வெள்ளி பூ, சாம்பிராணி, பொட்டு.

"பொட்டு ஏன் இந்தப் பக்கம் வச்சீங்க?" என்று கேட்டேன்.

"பல்லு வரிசை மாதிரி இருந்திச்சு. அதான் மொகம்னு நெனச்சேன்."

"அம்மா, அது பின்!" என்றாள் மகள். "எத்தன தரம் சொல்லியிருக்கேன்."

"ஆமா, ஒனக்கு எல்லாம் தெரியும். நீ பேசாம நில்லு புள்ள."

மகள் பேசாமல் நிற்கவில்லை. "அங்கிள், எனக்கு அப்பா மொகம் தெரியாது. வீட்டுல எல்லாரும் 'அவன மாதிரியே நடக்கிற, அவன மாதிரியே பேசுற'ங்கிறாங்க. எவர மாதிரின்னு நான் ஒரு தரம் பாக்கணும். அவ்வளவுதான்."

இங்கேதான் தம்பிமாரே, நிதானம் வேண்டிய இடம் வந்தது. பின்னுக்கு நடுவில் சந்தனமும் குங்குமமும் அடைத்துக்கொண்டு நின்றால் தகவல் ஒழுங்காகப் போகாது. முழுக்கச் சுத்தம் செய்யாமல் அடெப்டரை மாட்டக் கூடாது. ஸ்பிரிட் போத்தலை எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் தொடைக்கணும்மா" என்றேன்.

"பொட்டையாங்க?"

"ஆமாம்மா."

அவர் கை டிஸ்க்கின் மேல் வந்து மூடிக்கொண்டது. "என் நெத்தியில அழிச்சது போதாதுங்களாண்ணே?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நானும் ஆயுத பூசைக்கு டெஸ்டருக்கும் குறட்டுக்கும் பொட்டு வைத்துக் கும்பிடுகிறவன். அந்தப் பொட்டில் ஸ்பிரிட் ஊற்ற எனக்கே கை கூசியது. "சரி, உதிருறத மட்டும் தட்டிவிடுவோம், அது போதும்" என்றேன். போதாது என்று எனக்குத் தெரியும். காய்ந்த தூரிகையால் மேலாகத் தட்டிவிட்டு, அடெப்டரை மாட்டி, கரண்டைக் கொடுத்தேன். அது கருணை என்று நினைத்தேன். பயம்தான் அது. அவர் அழுதால் என்ன செய்வது என்ற பயம்.

டிஸ்க் சுழன்றது. பதினேழு வருசம் நின்றது, முருகன் கருணையால் சுழன்றது. திரையில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது. "வாசி புள்ள" என்றேன். தர்ஷினி வாசித்தாள். "இந்த டிஸ்க்கப் பாவிக்கிறதுக்கு முன்னாடி ஃபோர்மட் பண்ணணுமாம். பண்ணவான்னு கேக்குது. யெஸ் குடுக்கவா அங்கிள்?" சொல்லிக்கொண்டே கை மவுஸுக்குப் போய்விட்டது.

"கைய எடு!" என்று கத்திவிட்டேன். பிள்ளை பயந்து பின்னால் போனாள். "கோவிச்சுக்காத மகளே. யெஸ்ஸுன்னா எல்லாம் போயிரும்."

"அப்ப உள்ள ஒண்ணும் இல்லையா?"

உடனே பதில் சொல்லாதீர்கள். உங்களுக்கும் இப்படி ஒரு பிள்ளை முன்னால் நிற்கும், இருக்கா இல்லையா என்று கேட்கும். தெரியாததை 'இல்லை' என்று சொல்லிவிடுவது லேசு, வேலை முடிந்துவிடும். நான் கேள்வியை மூடிவிட்டு, திரையில் டிஸ்க்கின் பெயர் இருக்கும் இடத்தைத் திறந்து, "இந்த எழுத்துகள ஒவ்வொண்ணா சொல்லு" என்றேன். பிறகு விபூதிக்குக் கீழே லேபிளில் அச்சடித்திருந்த எழுத்துகளைச் சொல்லச் சொன்னேன். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. ஒரு எழுத்து சரி, அடுத்தது கோணல், திரும்பச் சரி, திரும்பக் கோணல்.

எனக்கு உயிர் வந்தது. பெயரே வராவிட்டால் டிஸ்க்கைச் சந்தேகப்படலாம். பெயர் மாறி மாறி வந்தால், வருகிற பாதையை முதலில் பார்க்க வேண்டும். பாதையை அடைத்தது எது என்று எனக்குத் தெரியும். அதை அப்படியே விட்டவனும் நான்தான்.

கரண்டை நிறுத்திவிட்டு அந்தத் தாயிடம் சொன்னேன். "அம்மா, நான் ஒங்களுக்குப் பொய் சொல்லிட்டேன். தட்டிவிட்டது போதாது. முழுசா எடுக்கணும்."

அவர் பட்டுத்துணியின் முனையை டிஸ்க்கின் மேல் இழுத்துவிட்டார்.

"கோயில்ல அபிசேகம் பாத்திருக்கீங்கல்ல? நேத்து வச்ச சந்தனத்தையும் பூவையும் ஐயரு என்னா செய்றாரு?"

"எடுக்கிறாரு."

"கலைச்சுட்டுத்தானே தண்ணி ஊத்துறாரு. சாமி எங்கயாச்சும் போயிருதா? அதுக்குப் பொறகுதானே புதுசா சந்தனம் வைக்கிறாங்க."

ராஜேஸ்வரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "நீங்க செய்ய வேணாம். குடுங்க, நான் செய்றேன்" என்று தூரிகையை வாங்கினார். கொழுந்து எடுக்கிற விரல். இருபத்தைந்து வருசமாக இரண்டு இலையும் மொட்டும் நோகாமல் கிள்ளிய விரல். ஸ்பிரிட்டில் நனைத்து, பின்னுக்குப் பின், ஒரு பின் வளையாமல் அவர் எடுத்த மாதிரி நான் ஒருநாளும் எடுத்ததில்லை. சிவப்பாக வழிந்ததைப் பட்டுத்துணியிலேயே ஒற்றிக்கொண்டார். "பொறுத்துக்குங்க" என்று மெதுவாகச் சொன்னார். என்னிடம் இல்லை.

நன்றாகக் காயவைத்து மறுபடி மாட்டினேன். பெயர் எழுத்துக்கு எழுத்து சரியாக வந்தது. கேள்வி வரவில்லை. ஃபோல்டர்கள் வந்தன. கூடவே டிஸ்க்குக்குள்ளிருந்து 'டிக், டிக்' என்று ஒரு சத்தமும் வந்தது.

இந்தச் சத்தத்தை அறியாதவர் உங்களில் இருக்க மாட்டார்கள். அந்த டிஸ்க்குக்கு ஆயுசு இன்னும் கொஞ்ச நேரம்தான்.

தர்ஷினிக்கு உடனே பார்க்க வேண்டும். "ஒண்ணு மட்டும் தொறங்க அங்கிள், ஒரே ஒண்ணு." மாட்டேன் என்றேன். முதலில் என் கம்பியூட்டருக்கு எடுத்து வைப்பது, பிறகுதான் பார்ப்பது. சாகப்போகிற டிஸ்க்கில் படம் பார்க்கக் கூடாது. "எதை முதல்ல எடுக்கிறது? பேரை வாசி" என்றேன்.

வாசித்தாள். மடுல்சீமைத் திருவிழா. பசறையில் மூன்று கல்யாணம். ஒரு சாமத்தியச் சடங்கு. கடைசியில் 'டெஸ்ட்' என்று ஒரு சின்ன ஃபோல்டர்.

"திருவிழாவ எடுங்க" என்றார் தாய். "அதுல அவரு காவடி பக்கத்துல நின்னாரு. யாராச்சும் கமராவ வாங்கி அவரப் புடிச்சிருப்பாங்க."

திருவிழா பெரியது. எடுத்து முடிக்க ஒரு மணித்தியாலம் கேட்கும். டிஸ்க் அது வரைக்கும் தாங்குமா? எத்தனையோ வீடியோக்காரருக்கு நான் வேலை செய்திருக்கிறேன். புதுக் கமரா வாங்கினால், யாரும் தெருவில் போய்ச் சோதித்துப் பார்ப்பதில்லை. வீட்டுக்குள்ளே, பெண்டாட்டி பிள்ளை முன்னால்தான் சோதிப்பார்கள். அதற்குத்தான் 'டெஸ்ட்' என்று பெயர் வைப்பார்கள். "சின்னத எடுப்போம்மா" என்றேன்.

"அதுல அவரு இருக்காருங்களா?"

"தெரியாதும்மா. திருவிழாவ எடுத்தா நடுவுல நின்னுரும்னு பயமா இருக்கு. இது ஒங்க சாமான், நீங்க சொல்றதுதான். ஆனா என் மனசு இதுக்குத்தான் சொல்லுது."

தாய் மகளைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். "சின்னத எடுங்க" என்றார் தாய்.

'டெஸ்ட்' பத்து நிமிசத்தில் வந்து சேர்ந்தது. அந்தப் பத்து நிமிசமும் மூன்று பேரும் நின்றபடியே நின்றோம். பிறகு திருவிழாவைத் தொடங்கினேன். கால்வாசி வரும்போது சத்தம் நின்றது. சுழற்சியும் நின்றது. மறுபடி கரண்டு கொடுத்தேன், நிறுத்திக் கொடுத்தேன், அடெப்டரை மாற்றிக் கொடுத்தேன். அசையவில்லை. வந்த கால்வாசியும் திறக்கவில்லை.

கல்யாணங்களிலோ திருவிழாவிலோ அவர் முகம் இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. டிஸ்க்கைப் பிரித்து உள்ளிருப்பதை மீட்டெடுக்கிற பெரிய இடங்கள் கொழும்பில் உண்டு என்று விலாசம் எழுதிக் கொடுத்தேன். ஆனால் அன்றைக்கு அந்த மேசையில் கையில் இருந்தது அந்தச் சின்ன ஃபோல்டர் மட்டும்தான். அதில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. சரியாகச் சொன்னோமா, ஒரு பிள்ளைக்குக் கிடைக்க இருந்ததைக் கெடுத்தோமா என்று யோசித்தேன். இந்தத் தொழிலில் நீங்கள் எடுக்கிற முடிவில் பாதி இப்படித்தான் இருக்கும். தெரியாமல்தான் எடுப்பீர்கள். தெரியாது என்பதை மறைக்காமல் எடுங்கள், அதுதான் நான் சொல்லக்கூடியது. கந்தனை நினைத்துக்கொண்டு திறந்தேன்.

லயத்துக் காம்பரா, ஒரே அறை. சுவரில் சாமி படம், கயிற்றில் காயும் துணி. பாயில் இளம் வயசு ராஜேஸ்வரி, கூந்தலை முடிந்துகொண்டே, "ஐயோ, என்னய எதுக்குங்க, தலைகூடச் சீவல" என்று கையால் முகத்தை மறைக்கிறார். மடியில் குழந்தை. கமராவுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் சிரித்தது.

"ஒன்ன யாரு புடிச்சா? நான் எம் மகளப் புடிக்கிறேன். கைய எடு. பாப்பா! ஏய், தர்சினிக் குட்டி! இங்க பாரு. அப்பாவப் பாரு."

குழந்தை தலையைத் திருப்பியது. திரைக்குள்ளிருந்து நேராக எங்களைப் பார்த்தது. பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தது. அவர் கூப்பிடக் கூப்பிடச் சிரித்தது. நான்கு நிமிசமும் அவ்வளவுதான். அந்த ஆள் ஒரு தரம்கூடக் கமராவைத் தன் பக்கம் திருப்பவில்லை.

முடிந்ததும் தர்ஷினிதான் பேசினாள்.

"அப்பாவக் காணோமேம்மா."

ராஜேஸ்வரி கண்ணைத் துடைக்கவில்லை. திரையில் நின்றுபோயிருந்த குழந்தையின் முகத்தைக் கொழுந்து கறை படிந்த விரலால் தொட்டுக் காட்டினார்.

"நல்லாப் பாரு புள்ள. நீ யாரப் பாத்துச் சிரிக்கிற?"